புரோபேன் கிரில் அளவுக்கு மீறிச் சூடாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக் கொல்லைப்புறத்தில் 20 பவுண்டு சிலிண்டரில் ஓடும் கேஸ் கிரில்லைப் பற்றியது இந்தப் பக்கம். "சூடே ஏறலை" என்ற புகாருக்கு எங்கு தேடினாலும் பதில் கிடைக்கும். "சூட்டைக் குறைக்கவே முடியலை" என்பவர்களுக்குத்தான் சரியான பதில் கிடைப்பதில்லை. அவர்களில் பலருடைய கிரில்லில் கோளாறே இருக்காது, பயன்படுத்தும் முறையை மாற்றினால் போதும். சிலருடையதில் இருப்பது உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வெப்ப அளவெல்லாம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும், கிரில்லில் அச்சடித்திருப்பதும் அதுதான்.

எல்லா பர்னரையும் லோவில் வைத்தாலும் மூடியில் இருக்கும் முள் 400-ஐத் தொடுகிறது. ரிப்பேரா?

பெரும்பாலும் இல்லை. மூன்று பர்னர் கிரில் ஒன்று முழு வேகத்தில் எரியும்போது மணிக்குச் சுமார் 30,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும். லோவில் வைத்தால் அது கணிசமாகக் குறையும், ஆனால் மூன்று பர்னரும் சேர்ந்தால் அந்தக் குறைந்த அளவே பெரிய சூடுதான். சமையலறை அடுப்பின் பெரிய பர்னரை முழுதாகத் திறந்துவிட்டு, அதை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் இங்கே நடக்கிறது. ஜூலை வெயிலில், காற்றில்லாத நாளில், மூடிய கிரில் 350, 400 காட்டுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கேஸ் அடுப்பில் பழகிய நமக்குச் சூட்டைக் குறைப்பது என்றால் சிம்மில் வைப்பது. கிரில்லில் சூட்டைக் குறைக்க பர்னரையே அணைக்க வேண்டும். மூன்றில் ஒன்றை மட்டும் எரியவிட்டு மற்ற இரண்டையும் நிறுத்துங்கள். இறைச்சியை அணைந்த பக்கத்தில் வைத்து மூடியைப் போடுங்கள். கால் மணி நேரத்தில் முள் 250-க்கும் 300-க்கும் நடுவில் வந்து நிற்கும். எலும்போடு இருக்கும் கோழித் தொடை, முழுக்கோழி, ஆட்டுக்கால் எல்லாவற்றுக்கும் இந்த முறைதான். நான்கு பர்னர் இருந்தால் ஓரத்தில் இருப்பதை மட்டும் எரியவிடுங்கள், நடுவில் இருப்பதை அல்ல. அப்போதுதான் சூடு படாத இடம் தாராளமாகக் கிடைக்கும்.

ஒரே ஒரு பர்னரை லோவில் வைத்து, மற்றதெல்லாம் அணைந்த பிறகும் முள் 400-க்குக் கீழே இறங்க மறுத்தால், அப்போது சந்தேகப்படுங்கள்.

மூடியில் இருக்கும் அந்த வெப்பமானியை நம்பலாமா?

அது காட்டுவது மூடிக்கு அடியில் தேங்கும் காற்றின் சூட்டை. உங்கள் சாப்பாடு இருப்பது அதற்கு ஐந்தாறு அங்குலம் கீழே, கம்பித்தட்டில். இரண்டுக்கும் 50 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். எரியும் பர்னருக்கு நேர் மேலே கம்பித்தட்டு இன்னும் அதிகமாகக் கொதிக்கும், அணைந்த பக்கத்தில் குறைவாக இருக்கும்.

வெப்பமானியே தவறா என்று பார்க்க, பின்பக்க மரையைக் கழற்றி அதை வெளியே எடுங்கள். அதன் தண்டைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினால் 212 காட்ட வேண்டும். டென்வர் மாதிரி உயரமான ஊரில் தண்ணீர் 202 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். அறுபது எழுபது என்றால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

துப்பாக்கி மாதிரிப் பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி பலரிடம் இருக்கிறது. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் அது பொய் சொல்லும், உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். கறுத்த வார்ப்பிரும்புத் தட்டில் ஓரளவு சரியாக இருக்கும்.

நிஜமாகவே கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தீயைப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை கிடையாது. கிரில் முழுக்க ஆறியிருக்கும்போது கம்பித்தட்டையும், அதற்கு அடியில் பர்னரை மூடியிருக்கும் தகட்டுக் கூரைகளையும் எடுத்து வெளியே வையுங்கள். பொழுது சாய்ந்ததும் மூடியைத் திறந்துவைத்தபடியே பற்றவையுங்கள். பகல் வெளிச்சத்தில் நீலத் தீ கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் சாயங்காலம்.

ஒழுங்கான தீ ஒவ்வொரு துளையிலும் ஒட்டிக்கொண்டு நீலமாக நிற்கும், நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தெரியலாம். ஹையில் ஒன்றிரண்டு அங்குல உயரம். லோவுக்குத் திருப்பினால் சட்டென்று சுருங்கித் துளையோடு துளையாக அடங்கும். சத்தம் மெல்லிய 'உஸ்' மட்டும்தான்.

லோவில் வைத்தும் தீ அடங்காமல் உயரமாக நின்றால், துளையைவிட்டு மேலே துள்ளித் துள்ளி எரிந்தால், 'கர்ர்' என்று இரைந்தால், கேஸ் அதிக அழுத்தத்தில் வருகிறது. மஞ்சளாக, நீளமாக, சோம்பலாக ஆடி, பாத்திரத்தில் கரி படியவைத்தால் காற்று போதவில்லை, இல்லையேல் அந்த பர்னருக்குப் பொருந்தாத பெரிய துளை வழியாகக் கேஸ் வருகிறது.

அடுத்து, எத்தனை பர்னரில் இப்படி என்று பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி என்றால் பிரச்சினை அவற்றுக்கு முன்னால், அதாவது ரெகுலேட்டரில். ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஒன்றின் வால்வு, கேஸ் துளை, குழாய் இந்த மூன்றில் ஏதோ ஒன்று. இந்த ஒரு பாகுபாடு தெரிந்தால் தேவையில்லாத பாகங்களுக்குப் பணம் செலவழிக்க மாட்டீர்கள்.

ரெகுலேட்டர் எப்படிக் கெட்டுப்போகும்?

70 டிகிரி நாளில் சிலிண்டருக்குள் புரோபேனின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 110 பவுண்டு இருக்கும். கிரில்லுக்குத் தேவை அரை பவுண்டுகூட இல்லை. கேஸ்காரர்கள் இதை "11 அங்குலத் தண்ணீர்" என்று சொல்வார்கள், அதாவது ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை 11 அங்குலம் தூக்கி நிறுத்தும் அழுத்தம். இவ்வளவு பெரிய இறக்கத்தைச் செய்வது சிலிண்டருக்குப் பக்கத்தில் தொங்கும் அந்த உள்ளங்கை அளவு வட்டத் தட்டுதான்.

அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு, அதன் மேல் ஒரு ஸ்பிரிங், கேஸ் வரும் வழியை அடைக்கும் சின்ன அடைப்பான். அழுத்தம் கூடினால் சவ்வு நகர்ந்து அடைப்பானை இறுக்கும், குறைந்தால் தளர்த்தும். ஓர் ஓரத்தில் ஊசி முனை அளவு மூச்சுத் துளை இருக்கும். அந்தத் துளை வழியாகக் காற்று போய்வந்தால்தான் சவ்வு அசைய முடியும். குளவி மண்ணை அப்பிவிட்டாலோ, அழுக்கும் மழைத்தண்ணீரும் புகுந்து அடைத்தாலோ சவ்வு ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் ரெகுலேட்டரை மாட்டும்போது அந்தத் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். அடைப்பான் உட்காரும் இடத்தில் தூசு சிக்கினாலோ, ரப்பர் வயதாகி விறைத்துப்போனாலோ வழி முழுசாக மூடாது, கேஸ் கூடுதலாகக் கசியும். தீ துள்ளுவதும் இரைவதும் அதனால்தான்.

இதைத் திறந்து சரிசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. இருபது முப்பது டாலருக்கு ஹோஸோடு சேர்ந்தே புதிதாகக் கிடைக்கிறது. பத்து வருஷம் ஆன ரெகுலேட்டர் என்றால், புகார் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது. சந்தேகம் வந்த பிறகு அதே ரெகுலேட்டரில் "இந்த ஒரு வாரம் மட்டும்" சமைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஏதாவது உண்டென்றால் இதுதான்.

வெயிலில் சிலிண்டர் சூடாகிறதே, அதனால் தீ அதிகமாகுமா?

சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். 100 டிகிரி நாளில் 170 பவுண்டைத் தாண்டும். ரெகுலேட்டர் நன்றாக இருந்தால் கிரில்லுக்கு வரும் அழுத்தம் மாறாது. வெயில் நாளில் மட்டும் தீ எகிறுகிறது என்றால் அது ரெகுலேட்டரின் மேல்தான் சந்தேகம் கொள்ளவைக்கும்.

சிலிண்டர் வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து சூட்டைக் குறைத்துக்கொள்கிறேன். தவறா?

தவறு. அது திறக்கவும் மூடவும் இருக்கும் வால்வு, அளவு வைக்க அல்ல. பாதியில் நிறுத்தினால் தீ நிலையாக நிற்காது. ஒரு காற்று அடித்தால் அணைந்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கிரில்லின் அடியிலும் தரையிலும் தேங்கி நிற்கும். எனவே முழுசாகத் திறங்கள், ஆனால் மெதுவாகத் திறங்கள். கிரில்லின் திருகுகள் (பர்னரைக் கூட்டிக் குறைக்கும் முன்பக்கக் குமிழ்கள்) எல்லாம் அணைந்த நிலையில் இருக்க வேண்டும். சட்டென்று திறந்தால் இணைப்பில் இருக்கும் பாதுகாப்புத் தடுப்பு கேஸ் கசிகிறது என்று நினைத்து வரத்தைக் குறைத்துவிடும். அப்புறம் 300 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது. அது நேர் எதிர்ப் புகார்.

புது ரெகுலேட்டர் மாட்டினேன், அதற்குப் பிறகுதான் தீ இப்படி எரிகிறது. ஏன்?

என்ன வாங்கினீர்கள் என்று பாருங்கள். நன்றியறிதல் நாளுக்கு வான்கோழி பொரிக்கும் அடுப்பு, லூசியானா பக்கம் நண்டு இறால் அவிக்கும் அடுப்பு இவற்றுக்கெல்லாம் உயர் அழுத்த ரெகுலேட்டர் வரும். பெரும்பாலும் சிவப்பு நிறம், மேலே திருகிக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி, 0 முதல் 20 அல்லது 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை என்று எழுதியிருக்கும். பிரியாணி அண்டா ஏற்ற நம் வீடுகளிலும் அந்த மாதிரி அடுப்பு நிறைய உண்டு. ஒன்று கெட்டதும் மற்றதைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். சிலிண்டர் பக்கத்து இணைப்பு ஒரே மாதிரி இருப்பதால் அது பொருந்தியும் தொலைக்கும். கிரில்லின் வால்வும் ஹோஸும் அரை பவுண்டு அழுத்தத்துக்குச் செய்தவை. இருபது பவுண்டை அதில் விட்டால் தீ பீறிடும், இணைப்புகள் கசியும்.

கிரில்லுக்கு வேண்டியது குறைந்த அழுத்த, நிலையான, 11 அங்குல ரெகுலேட்டர். அட்டையில் சி.எஸ்.ஏ. அல்லது யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்கிறதா, உங்கள் கிரில்லின் மொத்த பி.டி.யூ.வைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய கிரில் ஒன்றை வாங்கினேன். முதல் நாளிலேயே மஞ்சள் தீ, ஒரு அடி உயரம்.

உடனே நிறுத்துங்கள். அது அநேகமாக வீட்டுக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்குச் செய்த கிரில்லாக இருக்கும். இயற்கை எரிவாயு கன அடிக்குச் சுமார் 1,000 பி.டி.யூ.தான் தரும், புரோபேன் 2,500 தரும். அதனால் இயற்கை எரிவாயுக் கிரில்லில் வால்வின் முனையில் இருக்கும் துளை பெரியது. அதே துளையில் புரோபேனை விட்டால் ஒவ்வொரு பர்னரும் செய்ய வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கொடுக்கும். யாரோ ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு "புரோபேன் கிரில்" என்று விற்றிருக்கலாம்.

கதவின் உள்பக்கமோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த எரிவாயு என்று எழுதியிருக்கும். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரே மாற்றுத் துளைகள் விற்றால் வாங்கி மாற்றலாம். இல்லாவிட்டால் அந்தக் கிரில்லை விட்டுவிடுங்கள். துளையைத் துரப்பணத்தால் சரிசெய்யப் பார்ப்பது, வேறு கிரில்லின் துளையைப் பொருத்திப் பார்ப்பது எல்லாம் வேண்டாம்.

சூடு மேலே இல்லை, திருகுகள் இருக்கும் முன்பக்கம்தான் கொதிக்கிறது. ஒரு திருகு உருகியே விட்டது.

இதற்குக் காரணம் பல, எல்லாமே கவனிக்க வேண்டியவை.

முதலில் சிலந்தி. கேஸ் வால்விலிருந்து பர்னருக்குள் நுழையும் இடத்தில் குழாயின் வாய் அகலமாகத் திறந்திருக்கும், அங்கேதான் கேஸோடு காற்று கலக்கும். குளிர்காலம் முழுக்க மூடிவைத்த கிரில்லில் அந்த வாய்க்குள் சிலந்தி கூடு கட்டிவிடும். இது அடிக்கடி நடப்பதால்தான் பல கிரில்களில் அந்த வாயைச் சுற்றிச் சின்னக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். (மஞ்சள் பைச்சிலந்தி எரிபொருள் ஆவிக் குழாயில் வலை பின்னுகிறது என்று 2011-இல் மாஸ்டா ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த அளவுக்கு அதற்கு இந்த மாதிரி இடம் பிடிக்கும்.) வழி அடைபட்டதும் கேஸ் உள்ளே போகாமல் பின்வாங்கி, திருகுகளுக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும். திருகுப் பலகைக்குள்ளிருந்து வெளிச்சமோ இரைச்சலோ வந்தால் சிலிண்டரை மூடுங்கள், ஆறவிடுங்கள். பிறகு பர்னரைக் கழற்றி வளையும் தண்டுள்ள பிரஷ்ஷால் குழாயை முழு நீளத்துக்கும் தேய்த்தெடுங்கள். துளைகளைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கிவிடாதீர்கள். திரும்ப மாட்டும்போது வால்வு முனை குழாயின் வாய்க்குள் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும், வெளியே நழுவியிருக்கக் கூடாது.

அடுத்து நம் வீடுகளுக்கே உரிய காரணம்: தோசைக்கல். கிரில் முழுவதையும் மூடுகிற மாதிரி நீளமான வார்ப்பிரும்புக் கல்லைப் போட்டு, ஒரே தடவையில் ஆறு தோசை, இருபது பரோட்டா என்று போடுவார்கள். அருமையாக வரும். ஆனால் மேலே போக வழியில்லாத சூடு பக்கவாட்டில் திரும்பி வால்வுகளையும் ஹோஸையும் தாக்கும். கம்பித்தட்டில் மூன்றில் ஒரு பங்காவது திறந்திருக்கட்டும், கல்லுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் இடைவெளி இருக்கட்டும். அலுமினியத் தாளை முழுசாக விரிப்பதும் இதே தப்புதான்.

மூன்றாவது காற்று. மூடியின் பின்பக்க இடுக்கு வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். பின்னாலிருந்து காற்று அடித்தால் அது முன்பக்கமாகத் தள்ளப்படும். கிரில்லைத் திருப்பி வையுங்கள். அப்படியே சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் பாருங்கள். வினைல் பலகை போர்த்திய சுவர் 160 டிகிரியைத் தாண்டினாலே நெளிய ஆரம்பிக்கும். பத்தடி தள்ளி வைத்தால் கவலை இல்லை.

ஒரு பக்கம் மட்டும் கருகுகிறது, மறுபக்கம் வேகவே இல்லை.

பர்னர் மேல் இருக்கும் தகட்டுக் கூரை துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும், இல்லையென்றால் பர்னர் குழாயே விரிசல்விட்டு ஒரே இடத்தில் தீயைக் கக்கும். இரண்டையும் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும், இரண்டையும் மாற்றலாம். சந்தேகமாக இருந்தால் மலிவான வெள்ளை பிரெட்டைக் கம்பித்தட்டு முழுக்க நெருக்கமாகப் பரப்பி, மிதமான தீயில் ஒரு நிமிஷம் விட்டுத் திருப்புங்கள். எங்கே கறுத்தது, எங்கே வெளுத்தது என்று சூட்டின் படமே கிடைத்துவிடும்.

திருகுகளை அணைத்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போகிறது.

அப்போது எரிவது கேஸ் அல்ல, கொழுப்பு. கோழித் தோலும் ஆட்டுக் கொழுப்பும் மாரினேட் எண்ணெயும் மாதக்கணக்கில் அடித்தட்டில் படிந்து ஒரு நாள் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். முள் 600-ஐத் தாண்டும், பின் இடுக்கில் கறும்புகை வரும். பர்னர்களை அணையுங்கள். கை எட்டும் தூரத்தில் ஆபத்தில்லாமல் இருந்தால் சிலிண்டரையும் மூடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் கொழுப்பு தெறித்து மேலே வரும். மூடி ஏற்கெனவே திறந்திருந்து, சின்னத் தீ என்றால் சமையல் சோடாவை அள்ளிப் போடலாம், இல்லாவிட்டால் உலர்தூள் அணைப்பான். அடங்கவில்லையென்றால் தள்ளிப்போய் 911-ஐ அழையுங்கள்.

வராமல் பார்த்துக்கொள்வது எளிது. ஆறிய கிரில்லின் அடித்தட்டை மழுங்கிய கரண்டியால் சுரண்டி, கொழுப்புக் கிண்ணத்தைக் காலிசெய்யுங்கள். வாரா வாரம் சமைப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும்.

வால்வுக்குள் லோ அளவைக் குறைக்கும் திருகாணி இருக்கிறதாமே?

சில மாடல்களில் தண்டின் நடுவில் ஒரு சின்ன திருகாணி இருக்கும். கையேடு அனுமதித்தால் மட்டும் தொடுங்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் லேசான காற்றிலேயே தீ அணைந்து கேஸ் மட்டும் வரும். நான் பர்னரை அணைக்கும் முறையையே சொல்வேன்.

கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கோழி வெளியே கரி, உள்ளே ரத்தம்.

தயிர், தக்காளி, தேன், கடையில் வாங்கிய பார்பெக்யூ சாஸ் எல்லாமே நேர் தீயில் சீக்கிரம் கருகும். ஒட்டியிருக்கும் மசாலாவை வழித்துவிட்டு அணைந்த பக்கத்தில் மூடிவைத்து வேகவிடுங்கள். எலும்பை ஒட்டிய இடத்தில் 165 டிகிரி வந்ததும் தீ பக்கத்துக்கு நகர்த்தி, பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் நிறம் ஏற்றுங்கள். இனிப்பான சாஸைக் கடைசியில் தடவுங்கள். மீனுக்கும் கத்தரிக்காய்க்கும் சோளத்துக்கும் இவ்வளவு பாடு வேண்டாம், நேர் தீயே நல்லது.

புது ரெகுலேட்டர் மாட்டியதும் என்ன பார்க்க வேண்டும்?

பாத்திரம் கழுவும் சோப்பையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து பிரஷ்ஷில் தொட்டுக்கொள்ளுங்கள். கிரில்லின் திருகுகள் அணைந்திருக்க, சிலிண்டரை மட்டும் திறந்து ஒவ்வொரு இணைப்பிலும், ஹோஸ் நெடுகவும், ரெகுலேட்டர் மேலும் தடவுங்கள். நெருப்புப் பக்கத்தில் இருக்கக் கூடாது. குமிழி பெரிதாகிக்கொண்டே வந்தால் கசிவு. மூடிவிட்டு இணைப்பை இறுக்கி மறுபடி பாருங்கள். ஹோஸிலேயே குமிழி வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். ஹோஸ் சூடான பெட்டியின் அடியைத் தொடாமல், முறுக்கிக்கொள்ளாமல் தொங்க வேண்டும். இதெல்லாம் சரியென்றால் சாயங்காலம் அந்தத் தீச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

கழற்றிய பழைய ரெகுலேட்டரை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஹோஸை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாக விட்டால் கராஜ் அலமாரியிலிருந்து யாராவது அதை எடுத்து இன்னொரு கிரில்லில் மாட்டிவிடுவார்கள்.